கருவாட்டுச் சட்டை

குத்தூசியைச் செருகியதும் மூட்டை சீறியது.

குத்தூசி என்பது நடுவில் பள்ளம் வைத்த கூரிய இரும்பு. மூட்டையைப் பிரிக்காமலே உள்ளிருந்து ஒரு பிடி தானியத்தை அதனால் வெளியே எடுத்துவிடலாம். அப்படி எடுத்த மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, பூஞ்சை இருக்கிறதா, வண்டு இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையின் தீவன ஆலையில் மூன்று ஆண்டுகளாக இதைச் செய்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது மூட்டைகளைக் குத்துவேன். அதற்கு முன் ஒன்றுகூட என்னைப் பார்த்துச் சீறியதில்லை.

குத்தூசியை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். சுமை தூக்கும் ஆட்களின் மேஸ்திரி ஒரு கையில் தடியோடும் இன்னொரு கையில் செல்போன் வெளிச்சத்தோடும் வந்தார்.

"தள்ளி நில்லுங்க மேடம். காலேஜு படிச்சவங்கன்னெல்லாம் பாம்பு பாக்காதுங்க."

எங்கள் கிடங்கில் மரப்பலகைகளைத் தரையில் போட்டு, அவற்றின்மேல் மூட்டைகளை இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். அந்த அடுக்குக்கு அட்டி என்று பெயர். மக்காச்சோள அட்டிக்கும் பக்கத்திலிருந்த கருவாட்டுத் தூள் அட்டிக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. மேஸ்திரி மண்டியிட்டு அதற்குள் வெளிச்சம் அடித்தார். தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்கின.

"ஏனுங்க மேடம், பாம்புக்கு மீசை இருக்குமுங்களா?"

நானும் குனிந்து பார்த்தேன். கிழிந்த சாக்கின்மேல் மூன்று பூனைக்குட்டிகள். ஒன்று மஞ்சள், ஒன்று சாம்பல், ஒன்று கறுப்பு. மஞ்சள் குட்டி முதுகை வில்லாக வளைத்து நின்று சீறிக்கொண்டிருந்தது. அதன் மொத்த உடம்பும் என் இரண்டு உள்ளங்கைகளில் அடங்கிவிடும். சாம்பல் அதன் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கியிருந்தது. கறுப்புக்குட்டி எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

தாய் எது என்று எங்கள் இருவருக்கும் உடனே புரிந்துவிட்டது. இரண்டு நாளைக்கு முன் எடைமேடையில் பின்னோக்கி வந்த லாரியில் ஒரு சாம்பல் பூனை அடிபட்டுச் செத்திருந்தது. மேஸ்திரிதான் வேலியோரம் குழி தோண்டிப் புதைத்தார். அதன் மடி கனத்திருந்ததை அப்போதே பார்த்ததாக இப்போது சொன்னார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணா?"

"சொன்னா அதுக்கும் ஒரு ரிப்போர்ட் எழுதிருவீங்கன்னுதானுங்க சொல்லல."

அவர் அதைச் சும்மா சொல்லவில்லை. முந்தின நாள்தான் அந்த மக்காச்சோள அட்டியில் வண்டு இருப்பதாக எழுதி, உடனே மருந்து வைக்க வேண்டும் என்பதை அடிக்கோடிட்டுக் கொடுத்திருந்தேன். மேனேஜரும் நாமக்கல்லில் இருந்து மருந்து வைக்கும் ஆட்களை வரச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அட்டிகளின்மேல் தார்ப்பாயைப் போர்த்தி, ஓரங்களை மணல் பைகளால் அழுத்தி, உள்ளே மாத்திரைகளை வைப்பார்கள். அவற்றிலிருந்து கிளம்பும் நச்சுக்காற்று கண்ணுக்குத் தெரியாது. கதவை ஒரு வாரம் பூட்டி வைத்துவிட்டுத் திறந்தால் வண்டு, எலி, பல்லி எதுவும் உயிரோடு இருக்காது.

மருந்து வைக்குமுன் நிரப்ப வேண்டிய தாளில் ஒரு வரி உண்டு. உள்ளே மனிதரோ விலங்கோ இல்லை என்று நேரில் பார்த்து உறுதி செய்தேன் என்று இருக்கும். அதன் கீழே தரம் பார்ப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஆலையில் தரம் பார்ப்பவள் நான்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் கையெழுத்துப் போட்டவளும் நான். என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த தாளில் அம்மாவின் கட்டைவிரல் ரேகைதான் இருக்கிறது. அப்பா லாரி ஓட்டுகிறவர். அவருக்கு ஊர்ப்பெயர் பலகைகளைப் படிக்க வரும், எழுத வராது. நான் ராசிபுரத்தில் கல்லூரிக்குப் போய் நுண்ணுயிரியல் படித்தேன். என் கையெழுத்து இல்லாமல் எங்கள் ஆலையில் ஒரு லாரி மக்காச்சோளம் இறங்காது. இதில் எனக்குப் பெருமை உண்டு, அதை அடக்கிச் சொல்ல வரவில்லை. ஒன்பது நாள் கழித்து அந்தத் தாளில் பொய்க் கையெழுத்துப் போட வேண்டி வருமோ என்பதுதான் எனக்கு முதலில் வந்த பயம். குட்டிகளுக்காகப் பயந்தது அதற்குப் பிறகுதான். உள்ளதைச் சொல்கிறேன்.

மறுநாள் காலை மேஸ்திரி தன் ஆட்களில் மூன்று பேரை இடைவெளியின் இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டு, கோணிப்பையைக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே விட்டார். மஞ்சள் குட்டி கோணி சுற்றாத இடமாகப் பார்த்து அவர் விரலைக் கடித்தது. அவர் கையை உதறிய வேகத்தில் மூன்றும் பலகைகளுக்கு அடியில் பாய்ந்து மறைந்தன. மேஸ்திரி எருமப்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மதியம் திரும்பி வந்தார்.

"பூனை கடிச்சுதுன்னு போனா நாய்க்கடி ஊசி போட்டு உடறாங்க மேடம். இனி நான் கொரைக்கறதுங்களா, மியாவுன்னு கத்தறதுங்களா?"

அட்டியைப் பிரித்து எடுத்துவிடலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். "நானூறு மூட்டையம்மா. பிரிச்சா வண்டு பக்கத்து அட்டிக்குப் போகும்னு எழுதிக் குடுத்ததே நீதான்" என்றார். அதுவும் உண்மை. தவிர, மூட்டையை உருட்டும்போது குட்டி அடியில் மாட்டிக்கொண்டால் நசுங்கிப்போகும்.

அதற்கடுத்த நாள், வெள்ளிக்கிழமை, பெரிய எலிக்கூண்டு ஒன்றில் மத்தி மீனை வைத்துப் பார்த்தேன். சனிக்கிழமை காலையில் கூண்டுக்குள் ஒரு பெருச்சாளி இருந்தது. மீனைத் தின்றுவிட்டு, என்னைத் தொந்தரவு செய்யாதே என்பதுபோலத் திரும்பிப் படுத்திருந்தது. மேஸ்திரி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லா வளர்ந்த குட்டியா மாட்டியிருக்குதுங்க" என்றார்.

அதன் பிறகு படித்தவள் செய்கிற வேலையைச் செய்தேன். செல்போனை எடுத்துத் தேடிப் படித்தேன். மனிதர் கைபடாமல் வளர்ந்த குட்டிகளைத் துரத்தக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் போய் உட்கார வேண்டும். நேராக முறைத்துப் பார்க்கக் கூடாது. கண்ணை மெதுவாக மூடித் திறக்க வேண்டும். மாட்டுப்பால் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. எங்கள் பண்ணையில் கீறல் விட்ட முட்டைக்குப் பஞ்சமில்லை என்பதால் அவித்த மஞ்சள் கருவை உதிர்த்து ஒரு தட்டில் வைத்தேன். நோட்டில் கட்டம் போட்டு நாள், நேரம், எனக்கும் குட்டிக்கும் உள்ள தூரம் என்று எழுத ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை ஆறடி. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாளிலும் போனேன், ஆறடி. திங்கட்கிழமையும் ஆறடி.

நான் உட்கார்ந்திருக்கும்வரை அவை பலகைக்கு அடியிலிருந்து மூக்கை மட்டும் நீட்டும். மூக்கு இரண்டு முறை துடிக்கும், உள்ளே போய்விடும். நான் எழுந்து கதவைத் தாண்டியதும் தட்டு காலியாகும். அசையாமல் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போனது. கண்ணை மெதுவாக மூடித் திறந்ததைப் பார்த்து ஒரு சுமைக்காரர், "மேடத்துக்குத் தூக்கம் வருது, பாய் போடுங்கப்பா" என்றார்.

இவ்வளவுக்கும் நான் சுத்தத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. கிடங்கு வாசலில் ஊதா நிற மருந்துத் தண்ணீர்த் தொட்டி வைத்து, அதில் காலை நனைக்காமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்று பலகை எழுதி மாட்டியது நான்தான். கோழிகளுக்கு நோய் பரவாமல் இருக்க அது அவசியம். காலை நனைக்காதவர்களைப் பெஞ்சுமேல் நிற்க வைத்துவிடுவேன் என்று சுமைக்காரர்கள் ஒருவரை ஒருவர் மிரட்டிக்கொள்வார்கள். குட்டிகளைப் பார்க்கப் போகும்போதும் காலை நனைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டைத் தேய்த்துக்கொண்டு, துவைத்து மடித்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போனேன். தாயில்லாத குட்டிகளுக்கு என் கையால் ஒரு கிருமி போய்விடக் கூடாது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த மேஸ்திரி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மூட்டை தூக்கும்போது தலையில் வைக்கிற சும்மாட்டுத் துண்டைக் கழற்றி அவர் பக்கத்தில் போட்டிருந்தார். அதன்மேல் மஞ்சள் குட்டி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"என்னைக் கடிச்சதுதானுங்க இது. கடிச்சவன் துண்டுலயே வந்து தூங்குது பாருங்க, என்ன கொழுப்பு!"

நான் இரண்டடி எடுத்து வைத்தேன். குட்டி தலையைத் தூக்கியது. மூக்கு இரண்டு முறை துடித்தது. துண்டு காலியானது.

எனக்கு அழுகை வராத குறை. முட்டை அவிப்பது நான், உட்கார்ந்து கால் மரத்துப்போவது நான், அது போய்த் தூங்குவது பீடி நாறும் துண்டிலா? வெள்ளைக் கோட்டைக் கண்டு பயப்படுகிறது போலும் என்று முடிவு செய்து கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். மாலையும் ஆறடிதான். நோட்டில் நிறம் காரணமில்லை என்று எழுதினேன். நான்கு நாட்கள் மிச்சம் இருந்தன.

செவ்வாய்க்கிழமை மதியம் கோழிக்கொட்டகையிலிருந்து ஆலைக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க மரம்கூட இல்லாத பாதை. ஸ்கூட்டரை நிறுத்தியபோது உடுப்பிலிருந்து தண்ணீர் வடிந்தது. நனைந்த உடையோடு ஆண்கள் நடுவே எப்படிப் போவது? சீட்டுக்கு அடியில் ஏதாவது இருக்கிறதா என்று திறந்தேன். அம்மாவின் சட்டை இருந்தது.

அது முதலில் அப்பாவின் முழுக்கைச் சட்டை. எங்கள் பக்கம் வேலைக்குப் போகும் பெண்கள் புடவைமேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். அம்மா இதே கிடங்கில் பதினெட்டு ஆண்டுகள் அந்தச் சட்டையோடு சிந்திய தானியத்தைக் கூட்டி அள்ளினார், சாக்குத் தைத்தார். கருவாட்டுத் தூள் மூட்டைகள் கிழிந்தால் அவற்றைத் தைக்கும் வேலை அம்மாவுடையது. அந்த வாசம் சோப்புக்கும் வெயிலுக்கும் போகாது. எனக்கு வேலை கிடைத்த மாதமே அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினேன். சட்டையை எரித்துவிடச் சொன்னேன். "நல்ல துணிய ஆராச்சும் எரிப்பாங்களா சாமி? வண்டி தொடைக்க வெச்சுக்க" என்று என் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டார். நான் அதை ஒருநாளும் வெளியே எடுக்கவில்லை.

எடுக்காததற்குக் காரணம் இருந்தது. கல்லூரியில் முதலாண்டுத் தேர்வு அன்று ஹால் டிக்கெட்டை வீட்டில் விட்டுவிட்டேன். தெருவில் ஒருவருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். அம்மா வேலையைப் போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, அதே சட்டையோடு கல்லூரி வாசலில் வந்து நின்றார். என்னோடு இருந்த பெண்கள் மூக்கைச் சுளித்தார்கள். ஒருத்தி, "யாருடி அது, கருவாட்டுக் கடையே நடந்து வந்த மாதிரி?" என்று கேட்டாள்.

"பக்கத்து வீட்டு அக்கா" என்றேன்.

அம்மா பத்தடிக்குள் இருந்தார். ஹால் டிக்கெட்டைக் கையில் கொடுத்தார். "நல்லா எழுது சாமி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் காதில் அது விழுந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் வந்ததில்லை. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை குளிக்கிறேன். என்மேல் சோப்பு வாசம் தவிர வேறெதுவும் வரக் கூடாது.

அந்தச் சட்டையைத்தான் இப்போது நனைந்த உடைமேல் மாட்டிக்கொண்டேன். மழை ஈரத்தில் வாசம் இரண்டு மடங்காகக் கிளம்பியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடங்குக்கு ஓடினேன். மருந்துத் தொட்டி மழைத்தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்ததால் காலைக்கூட நனைக்கவில்லை. முட்டைக் கருவை மட்டும் தட்டில் உதிர்த்துவிட்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன்.

மூக்கு வெளியே வந்தது. இரண்டு முறை துடித்தது. உள்ளே போகவில்லை.

சாம்பல் குட்டி முதலில் வந்தது. தட்டைத் தாண்டி வந்தது. நேராக என் கைப்பக்கம் வந்து, சட்டையின் மணிக்கட்டுப் பகுதியை முகர்ந்து, அதில் கன்னத்தைத் தேய்த்தது. அதன் பின்னால் மஞ்சள் குட்டி. எனக்கு மூச்சுவிடவே பயமாக இருந்தது. அடுத்த நிமிடம் மஞ்சள் குட்டி என் மடியில் முன்னங்கால்களை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு, ஏதோ ஒரு சின்ன இயந்திரம்போல உறுமிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் புரிந்தது. அவை பிறந்தது கருவாட்டுத் தூள் மூட்டைக்குப் பக்கத்தில். தாயின் மயிரிலும் அதே தூள்தான் படிந்திருக்கும். அவற்றின் மூக்குக்குத் தெரிந்த உலகம் அந்த வாசம் ஒன்றுதான். மேஸ்திரியின் துண்டிலும் அதே தூள். நான்தான் மூன்று நாளாகச் சோப்பும் ஸ்பிரிட்டும் மருந்துத் தண்ணீருமாகப் போய் உட்கார்ந்து, இவை ஏன் என்னை நம்பவில்லை என்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஆலையில் இருந்த அத்தனை பேரிலும் அந்தக் குட்டிகளுக்குப் புரியாத நாற்றம் என் ஒருத்திமேல்தான் இருந்திருக்கிறது. மடியில் ஒரு பூனையை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரிப்பது கஷ்டம்.

மறுநாள் கிடங்கு வாசலில் மருந்துத் தொட்டியைத் தாண்டி நடந்தேன். மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"மேடம், கால நனைக்கலீங்களே! டேய், பெஞ்ச எடுத்துட்டு வாங்கடா!"

"கிடங்குக்குள்ள மட்டுந்தானே அண்ணா, கோழிக்கொட்டகைக்கு இப்படியே போகமாட்டேன்."

"நாங்களும் இதையேதானுங்க சொன்னோம், கேட்டீங்களா?"

பலகையை நான் எடுக்கவில்லை. மருந்து வைக்கும்வரை மட்டும் எனக்கு விலக்கு கொடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை இரண்டு குட்டிகளும் என் கையிலிருந்து தின்றன. வியாழக்கிழமை மாலை அவற்றை முட்டை அட்டைப்பெட்டியில் வைத்து, மூச்சுக்கு ஓட்டை போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். கிடங்கை விட்டு வெளியே வந்ததும் பழக்கத்தில் சட்டையைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"மூணுன்னு சொன்ன? இன்னொண்ணு எங்க சாமி?"

"வரல."

"நாளைக்குத்தான மருந்து வெக்கறாங்க?"

"ஆமாம்மா."

அம்மா பெட்டியை மூடிச் சுவரோரம் வைத்தார். அந்தக் கிடங்கில் எத்தனையோ முறை மருந்து வைத்துத் திறந்த பிறகு கூட்டி அள்ளியவர் அவர். எதையெல்லாம் கூட்டியிருப்பார் என்று நினைத்ததும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

கறுப்புக்குட்டி இந்த மூன்று நாளும் பலகைக்கு அடியில் கண்ணாக மட்டும் இருந்தது. நான் போட்டதைத் தின்றது, வெளியே வரவில்லை. கூடப் பிறந்தவை போன பிறகு கத்துமென்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தபோது சத்தமே இல்லை. செல்போன் வெளிச்சம் அடித்தேன். சுவரோரம், எட்டாத தூரத்தில், இரண்டு கண்கள்.

பத்து மணிக்கு மருந்து வைக்கும் ஆட்கள் வேனில் வந்து தார்ப்பாய்களை இறக்கினார்கள். மேனேஜரிடம் போய் நின்றேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார்."

"ஒரு பூனைக்காக இத்தனை ஆளை நிறுத்தி வைக்க முடியுமாம்மா? கோழிக்குத் தீவனம் போகணும்ல?"

"அப்ப நான் கையெழுத்துப் போட முடியாதுங்க சார். இல்லைன்னு பாத்தேன்னு எழுதியிருக்கு. இருக்கு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமா, இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு வேன்காரர்களைப் பார்த்து, "அந்தக் கடைசி அட்டியிலிருந்து போர்த்திக்கிட்டு வாங்க" என்றார். என்னிடம், "இங்க வந்து சேர்றதுக்குள்ள எடுத்துரு" என்றார்.

கடைசி அட்டியையும் சேர்த்து எங்கள் அட்டிக்கு முன்னால் ஐந்து அட்டிகள். அதுதான் எனக்கிருந்த நேரம்.

சட்டையைப் போட்டுக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தேன். உள்ளங்கையில் மஞ்சள் கருவை வைத்து, தோள்வரை கையைப் பலகைக்கு அடியில் நீட்டினேன். கன்னம் தரையில் இருந்தது. மக்காச்சோளத் தூசியும் கருவாட்டுத் தூளும் மூக்கில் ஏறின. தும்மல் வந்தது, பல்லைக் கடித்து அடக்கினேன். தூரத்தில் தார்ப்பாய் தரையில் இழுபடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தக் கண்கள் இன்னும் பின்னால் போயின.

"மெல்ல இழுங்கப்பா, கல்யாணத்துக்குப் பந்தலா போடறீங்க?" என்று மேஸ்திரி அவர்களைத் திட்டினார். அவர் அட்டியின் மறுமுனையில் காலை விரித்து உட்கார்ந்து, குட்டி அந்தப் பக்கம் ஓடிவிடாமல் காவல் இருந்தார். ஊசி போட்ட கையை மட்டும் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு அட்டி முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. என் தோள் மரத்துவிட்டது. அது என்னுடையதா, பலகையுடையதா என்று தெரியவில்லை. நான்காவது அட்டியின்மேல் தார்ப்பாய் விழுந்த சத்தத்தில் கண்கள் இரண்டும் அணைந்துபோயின. போய்விட்டது என்று நினைத்தேன்.

உள்ளங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. பிறகு நாக்கு, உப்புத்தாள்போல. கருவைத் தின்று முடித்து என் விரல்களை ஒவ்வொன்றாக நக்கியது. பிடித்துவிடலாம் என்று கை துடித்தது. பிடித்து, வழுக்கிவிட்டால் இன்னொரு முறை வராது. பிடிக்கவில்லை.

ஐந்தாவது அட்டியில் மணல் பைகள் தொப் தொப்பென்று விழ ஆரம்பித்தன. குட்டி நடுங்கியது. ஒளிய இடம் தேடியது. அதன் எதிரே இருந்தது அப்பாவின் தொளதொளத்த சட்டைக் கை, பொத்தான் போடாத வாய், உள்ளே இருட்டு, உள்ளே அது அறிந்த வாசம். தலையை நுழைத்தது. நகங்கள் என் மணிக்கட்டில் ஊன்றின, முன்கையில் ஊன்றின. ஊர்ந்து ஊர்ந்து முழங்கைவரை ஏறி, அங்கே என் கையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

"அண்ணா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும், "அண்ணா, உள்ள வந்துருச்சு."

"எதுக்குள்ளீங்க?"

"சட்டைக்குள்ள."

அவர் மறுமுனையிலிருந்து தவழ்ந்து வந்தார். நான் அங்குலம் அங்குலமாகக் கையை வெளியே இழுத்தேன். கை வெளிச்சத்துக்கு வந்ததும் மேஸ்திரி சட்டைக்கையின் வாயைச் சேர்த்துப் பொத்தானைப் போட்டுவிட்டார். எழுந்து உட்கார்ந்தேன். என் முழங்கைக்குமேல் ஒரு புடைப்பு. அது உறுமவில்லை, கத்தவில்லை. வேகமாக அடித்துக்கொள்ளும் அதன் இதயம் மட்டும் என் தோலில் தெரிந்தது. என்னுடையதும் அப்படித்தான் அடித்திருக்கும்.

"மூணும் வந்தாச்சா?" என்று மேனேஜர் கேட்டார்.

"மூணும் வந்தாச்சுங்க சார்."

அப்படியும் நான் விடவில்லை. ஒரு கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையில் வெளிச்சத்தோடு எல்லா அட்டிகளையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் மருந்துக்காரர்களுக்கு எரிச்சல். ஒன்றும் இல்லை. அதன் பிறகு தாளை வாங்கி, அந்த வரியை முழுதாகப் படித்துக் கையெழுத்துப் போட்டேன். தூசி படிந்த என் கட்டைவிரல், கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு ரேகையையும் பதித்துவிட்டது. வேறு தாள் தரட்டுமா என்று மருந்துக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு, "யார் சட்டைங்க மேடம் இது, இந்த வாசம் அடிக்குது?" என்றார்.

"எங்கம்மாவோடது. இதே கிடங்குல பதினெட்டு வருசம் வேலை செஞ்சாங்க."

"ஓகோ" என்று சொல்லிவிட்டு அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். அவ்வளவுதான். அதைச் சொல்வதற்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது, கேட்டவருக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. காலையில் கொண்டுவந்திருந்த காலி அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது காற்று அவ்வளவு நன்றாக இருந்தது.

கறுப்புக்குட்டி பெட்டிக்குள் போக மறுத்துவிட்டது. மேனேஜரிடம் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அதைச் சட்டைக்கைக்குள்ளேயே வைத்தபடி மெதுவாக ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு எருமப்பட்டிக் கடைவீதி வழியாக வந்தேன். தலைமுடியில் தூசி, கன்னத்தில் தூசி. நெரிசலான இடங்களில் வண்டியை நிறுத்தினால் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வழியில் எங்கும் சட்டையைக் கழற்ற முடியவில்லை. கழற்ற நினைத்ததாகவும் நினைவில்லை.

அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

"என்ன சாமி இந்தக் கோலம்? மூணாவது?"

சட்டைக்கையைக் காட்டினேன். அம்மா பொத்தானைக் கழற்றினார். உள்ளிருந்து ஒரு கறுப்பு மூக்கு வந்து அம்மாவின் விரலை முகர்ந்தது. அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அந்த வயதில் ஒருவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"சரி, போய்க் குளி. நாறற. அந்தச் சட்டையக் குடு, தொவைச்சுப் போடறேன்."

"தொவைக்க வேண்டாம்மா. இன்னும் கொஞ்ச நாளைக்கு அதுகளுக்கு இது வேணும்."

"இதையப் போட்டுட்டா வீதில வந்த? ஆராச்சும் கேட்டிருப்பாங்களே?"

நான் பதில் சொல்லுமுன் அம்மா மறுபடி முறத்தின் முன் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல், சிரிப்பு இன்னும் குரலில் இருக்க, "கேட்டா பக்கத்து ஊட்டு அக்கா சட்டைன்னு சொல்லிற வேண்டியதுதான?" என்றார்.

ஆக, அன்றைக்கு நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. ஐந்தாறு வருடமாக வைத்திருந்து இப்போது எடுத்துப் போடுகிறார், அதுவும் சிரித்துக்கொண்டே. நான் முறத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"ஒருத்தர் கேட்டார்மா. எங்கம்மா சட்டைன்னுதான் சொன்னேன்."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டு புடைத்தார். முறம் மேலே போய்க் கீழே வந்தது, உமி பறந்தது. வீட்டுக்குள்ளிருந்து மஞ்சளும் சாம்பலும் சத்தம் கேட்டு வந்து வாசற்படியில் நின்றன. கறுப்புக்குட்டி சட்டைக்கையிலிருந்து பாதி உடம்பை வெளியே விட்டு அவற்றைப் பார்த்தது. பிறகு மீதியையும் இழுத்துக்கொண்டு இறங்கிப் போனது.